ஒரு கடலை, ஒரு கன்டெய்னர்

ஒரு நிலக்கடலைப் பருப்பின் எடை ஏறத்தாழ அரை கிராம். பூஞ்சணம் கடுமையாகப் பிடித்த தனிப் பருப்புகளில், கிராமுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் மேலாக அஃப்லடாக்சின் என்ற நஞ்சு இருப்பதை 1960களிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். அப்படியொரு பருப்பில் அரை மில்லிகிராம் நஞ்சு இருக்கும். நேரடியாக உண்ணும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் வரைதான் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கிறது. வகுத்துப் பாருங்கள். அந்த ஒற்றைப் பருப்பு, 125 கிலோ நல்ல கடலையை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

நம் ஏற்றுமதியாளர்கள் வெளிநாட்டுத் துறைமுகங்களில் படும் பாட்டின் பெரும்பகுதி இந்த வகுத்தல் கணக்குக்குள் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி டன் நிலக்கடலை விளைவிக்கும் நாடு இது. கப்பலேறும் கடலையில் பெரும்பங்கு இந்தோனேசியா, வியட்நாம், மலேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளுக்குப் போகிறது. நல்ல விலை தரும் ஐரோப்பிய வாசலில் மட்டும் நாம் தயங்கித் தயங்கி நிற்கிறோம். அங்கே நமக்கு முன்னால் நிற்பது அர்ஜென்டினா. காரணம் கேட்டால், ஐரோப்பியர்களுடைய விதிகள் அநியாயக் கடுமை என்று பலரும் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. முழு உண்மை நம் வயலிலும் களத்திலும் உடைப்பு மில்லிலும் கிடக்கிறது.

முதலில் நஞ்சைப் பற்றி. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தன. தேடிப் போனவர்கள் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றார்கள். அதில் வளர்ந்திருந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற மஞ்சள்பச்சைப் பூஞ்சணம் சுரந்த பொருள்தான் கொன்றது என்பது தெரியவந்தது. அந்தப் பொருள்தான் அஃப்லடாக்சின். அதில் பல வகை உண்டு. புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்பவை பி வகை, பச்சையாக ஒளிர்பவை ஜி வகை. எல்லாவற்றிலும் கொடியது பி1. அது நம் கல்லீரலுக்குள் போனதும், அதை வெளியேற்ற முயலும் நொதிகளே அதைத் தீவிரமான இன்னொரு பொருளாக மாற்றிவிடுகின்றன. அந்தப் பொருள் மரபணு இழையில் போய் ஒட்டிக்கொள்கிறது. புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. ஹெபடைட்டிஸ் பி தொற்று உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதர்களுக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அளவு மிகுந்தால் புற்றுநோய்வரை காத்திருப்பதும் இல்லை. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பழங்குடிக் கிராமங்களில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம் தின்று 397 பேர் கல்லீரல் நோயில் விழுந்தார்கள். அவர்களில் 106 பேர் இறந்தார்கள்.

வறுத்தால் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. போகாது. அடுப்பில் வறுக்கும் சூட்டில் ஒரு பகுதி சிதையும், மீதி இருக்கும். கழுவினாலும் போகாது.

இப்போது விதிகளுக்கு வருவோம். கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் வரை அமெரிக்கா விடுகிறது. மேற்கொண்டு பதப்படுத்தப் போகும் கடலைக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வரம்பு 15. நம் நாட்டு வரம்பும் அதற்கு 15தான். நேரடியாக உண்பதற்கு 10. ஐரோப்பாவிலோ நேரடியாக உண்பதற்கு பி1 மட்டும் 2, எல்லா வகையும் சேர்ந்து 4. தரம் பிரித்துப் பதப்படுத்தப் போகும் சரக்குக்கு முறையே 8, 15. நியூயார்க்கில் இறங்க முடிந்த கடலை ராட்டர்டாமில் திரும்பிப் போகிறது. ஐரோப்பியர்களின் வாதம் இது: மரபணுவைத் தாக்கும் புற்றுநோய்ப் பொருளுக்கு இவ்வளவு வரை பாதுகாப்பு என்று ஓர் அளவே கிடையாது, ஆகவே நியாயமாக எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும்.

இந்த வாதம் விலையில்லாமல் வரவில்லை. 2001இல் உலக வங்கி ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். கோடெக்ஸ் வரம்பை வைத்துக்கொள்வதோடு ஒப்பிட்டால், ஐரோப்பாவின் புதிய கடுமையால் ஆப்பிரிக்க நாடுகளின் தானிய, உலர்பழ, கொட்டை ஏற்றுமதி 64 சதவீதம், அதாவது 67 கோடி டாலர் அளவுக்குச் சரியும். பதிலுக்கு ஐரோப்பாவில் தப்பும் உயிர்கள் ஆண்டுக்கு நூறு கோடிப் பேருக்கு ஒன்றரைக்கும் குறைவு என்றார்கள். ஏழை நாட்டு வணிகத்தின் மேல் பணக்கார நாட்டு அச்சம் ஏறி உட்காருகிறது என்று உலகெங்கும் பேசப்பட்டது. பதினோரு ஆண்டு கழித்து, 2012இல், சியோங், பெகின் என்ற இரண்டு பொருளியலாளர்கள் உண்மையான வணிகப் புள்ளிவிவரங்களை எடுத்துவைத்து நிலக்கடலைக்கு மட்டும் மறுபடி ஆராய்ந்தார்கள். ஐரோப்பிய விதி ஆப்பிரிக்கக் கடலையை நசுக்கியதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. ஆப்பிரிக்க நாடுகளைக் கட்டிப்போட்டிருந்தது சொந்த நாட்டு உற்பத்தியின் நிலைதான் என்ற முடிவுக்கு வந்தார்கள். முதல் ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. இரண்டாவதைப் பேசுவோர் குறைவு. எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. அது குறையைக் காட்டும் இடத்தில் நம் கை எட்டும்.

ஏற்றுமதியாளருக்கு மிகவும் மனவேதனை தரும் விஷயம் ஒன்று உண்டு. சென்னையில் பரிசோதித்தபோது சுத்தமாக இருந்த சரக்கு, ஐரோப்பியத் துறைமுகத்தில் தோற்கிறது. யாரோ பொய் சொல்கிறார்கள் என்று தோன்றும். பெரும்பாலும் யாரும் பொய் சொல்வதில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் அனுபவ அறிவு. ஒரே கொதியில் எல்லாப் பருக்கையும் வெந்திருப்பதால் அது செல்லுபடியாகிறது. கடலை மூட்டைக்கு அது செல்லாது. நஞ்சு சரக்கு முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை. லட்சம் பருப்பில் ஒன்றிரண்டில் மட்டும் குவிந்து கிடக்கிறது.

கணக்கின் எளிமைக்காக இப்படி வைத்துக்கொள்வோம். இருபதடிக் கன்டெய்னரில் 19 டன் பருப்பு. எண்ணிக்கையில் 3 கோடியே 80 லட்சம். லட்சத்துக்கு ஒரு பருப்பு வீதம் 380 பருப்புகளில் மட்டும், ஒவ்வொன்றிலும் அரை மில்லிகிராம் நஞ்சு. மற்றதெல்லாம் தூய்மை. முழுச் சரக்கின் சராசரி கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். ஐரோப்பிய வரம்பைப்போல் இரண்டரை மடங்கு. இதிலிருந்து வியாபாரி ஒரு கிலோ பருப்பை பாலிதீன் பையில் அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்புகிறார். அதில் சுமார் 2,000 பருப்பு இருக்கும். கெட்ட பருப்பு ஒன்றுகூட அதில் சிக்காமல் போக வாய்ப்பு நூற்றுக்கு 98. அறிக்கை ‘நஞ்சு இல்லை’ என்று வரும். ஆய்வகம் எவ்வளவு நேர்மையாக, எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் அளந்தாலும் அப்படித்தான் வரும்.

ஐரோப்பிய விதி கேட்பது வேறு. இந்த அளவுச் சரக்கில் 100 இடங்களில் கைவிட்டு, இடத்துக்குச் சுமார் 200 கிராம் வீதம் 20 கிலோ எடுக்க வேண்டும். எடுத்ததில் ஒரு பிடியை மட்டும் அரைத்தால் பழைய கதைதான். ஆய்வகத்துக்குப் போன மாதிரி முழுவதையும் நுண்ணியதாக அரைத்துக் கலந்த பிறகே சோதனைக்குச் சிறு அளவு எடுக்க வேண்டும். இவ்வளவு செய்தும், நம் கற்பனைச் சரக்கில் கெட்ட பருப்பு சிக்காமல் தப்ப நூற்றுக்கு 67 வாய்ப்பு இருக்கிறது. ஆகவே ஏற்றுமுன் இங்கே ஒரு முறை, இறங்கியபின் அங்கே ஒரு முறை, இரண்டும் விதிப்படி நேர்மையாக நடந்தாலும், நூற்றில் 22 தடவை இங்கே வென்று அங்கே தோற்கும். அந்த 20 கிலோவை இரண்டாகப் பிரித்த 10 கிலோ ஆய்வக மாதிரி ஒன்றில் ஒரே ஒரு கெட்ட பருப்பு விழுந்துவிட்டால் முடிவு கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் என்று வரும். நடப்பில் பருப்புக்குப் பருப்பு நஞ்சின் அளவு பெரிதும் மாறும் என்றாலும் தர்க்கம் இதுதான். அமெரிக்க வேளாண் பொறியாளர் தாமஸ் விட்டேக்கர் தம் வாழ்நாள் ஆய்வின் பெரும்பகுதியை இந்த ஒரு சிக்கலுக்கே கொடுத்தார். மொத்தப் பிழையில் கருவியின் பங்கு சிறிது, மாதிரி எடுப்பதன் பங்கு மிகப் பெரிது என்பதை அவருடைய ஆய்வுகள் நிறுவின.

ஏற்றுமதியாளருக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டிய முதல் பாடம் இதுதான் என்பேன். சோதனை சரக்கைச் சுத்தமாக்காது. சான்றிதழ் என்பது ஒரு வாய்ப்புக் கணக்கின் விடை. துறைமுகத்தில் தோற்கும் வாய்ப்பைக் குறைக்க ஒரே வழி, அந்த 380 பருப்பை 38 ஆக்குவது.

அந்தப் பருப்புகள் எங்கே பிறக்கின்றன? மண்ணுக்குள். இந்தப் பூஞ்சணம் மண்ணில் வாழ்வது. கடலைக்காய் மண்ணுக்குள் முற்றுவது. செடிக்கு நீர் இருக்கும்வரை பருப்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. அறுவடைக்கு முந்தைய மூன்று நான்கு வாரம் மழை பொய்த்து, காயைச் சுற்றியுள்ள மண்ணின் வெப்பம் 28, 30 பாகையில் நின்றால், பருப்பு உலரத் தொடங்கி அந்தச் சுரப்பு நின்றுபோகிறது. பூஞ்சணத்துக்கோ அந்த வறட்சியிலும் வளரத் தெம்பு உண்டு. மானாவாரிக் கடலையில் ஆபத்து கூடுதலாக இருப்பது இதனால்தான். அந்தக் கட்டத்தில் ஒரு தண்ணீர் விட முடிந்தால் பெரிய வித்தியாசம் வரும். காய் பிடிக்கும் பருவத்தில், நம் வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பதுபோல் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தால், சுண்ணாம்புச் சத்து ஏறி ஓடு திடமாகிறது. பூஞ்சணம் நுழைவது கடினமாகிறது. கறையானும் மண்வெட்டியும் காயப்படுத்திய காய்கள் நஞ்சின் வாசல்கள். அறுவடைக்குப் பின் மண்ணில் தங்கி, நாள் கழித்துப் பொறுக்கி எடுக்கும் காய்களும் அப்படியே. இவற்றை நல்ல காயோடு கலக்கக் கூடாது.

அடுத்தது களம். பிடுங்கிய காயில் 40 சதவீதத்தை ஒட்டி ஈரம் இருக்கும். அது 8 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும், அதுவும் சில நாளுக்குள். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் மானாவாரிக் கடலை ஆனி, ஆடியில் விதைத்துப் புரட்டாசி, ஐப்பசியில் பிடுங்கப்படுகிறது. வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும் நேரம் அது. செடியைக் குவியலாகப் போட்டுவைத்தால் உள்ளே சூடேறி ஈரம் தங்கும். காய் மேலே தெரியும்படி தலைகீழாகப் பரப்பிவைத்தால் காற்று ஊடே போகும். ஆய்ந்த காயை மண்தரையில் கொட்டாமல் தார்ப்பாயிலோ சிமென்ட் களத்திலோ காயவைப்பதும், மழை இறங்குமுன் மூடுவதும் ராக்கெட் விஞ்ஞானமில்லை. ஆனால் சிறு விவசாயிக்குக் களம் எங்கே இருக்கிறது? அதனால்தான் தார்ச்சாலைகளில் கடலை காய்கிறது. மார்கழிப் பட்டத்துக் கடலைக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அது பங்குனி, சித்திரை வெயிலில் காய்கிறது.

நன்றாகக் காய்ந்த காய்க்கும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. இது என்னை மிகவும் உறுத்துவது. காய்ந்த காயை மெஷினில் உடைத்தால் பருப்பு பிளந்துபோகும். பிளந்த பருப்புக்கு விலை குறைவு. ஆகவே உடைப்பதற்கு முன் காயின் மேல் தண்ணீர் தெளித்து ஊறவைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நாள்கணக்கில் வெயில் செய்த வேலையை ஒரு குடம் தண்ணீர் கெடுத்துவிடுகிறது. அந்தப் பருப்பைச் சாக்கில் கட்டி அடுக்கினால் பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. உடைப்பு மெஷினின் வேகத்தையும் சல்லடை இடைவெளியையும் காயின் பருமனுக்குத் தக்கபடி சரிசெய்தால் உலர்ந்த காயையே அதிகச் சேதமின்றி உடைக்கலாம். இதைச் செய்துகாட்ட ஒரு மெக்கானிக் போதும். அவர் மில் மில்லாகப் போக வேண்டும்.

பருப்பு ஆன பிறகும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நஞ்சு ஏறிய பருப்பில் பெரும்பாலானவை சுருங்கியோ, நிறம் மாறியோ, சேதப்பட்டோ இருக்கும். பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கையால் பொறுக்குவதும், நிறம் பார்த்துக் காற்றால் தட்டிவிடும் கலர் சார்ட்டர் மெஷினும் இவற்றைத்தான் நீக்குகின்றன. மிதமாகச் சூடேற்றித் தோலை நீக்கிவிட்டால், தோலுக்குள் ஒளிந்திருக்கும் கறையும் தெரிந்துவிடும். அர்ஜென்டினாவின் கோர்டோபா மாகாணத்தில் இந்த வேலை வரிசையாக, ஒரே கூரையின்கீழ் நடக்கிறது: இயந்திர உலர்த்தல், உடைத்தல், தோல் நீக்கல், மெஷின் தேர்வு. ஐரோப்பாவுக்கு அவர்கள் நம்பிக்கையான விற்பனையாளராக இருப்பது இதனால்தான்.

நம்மிடம் ஏற்பாடுகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். அபேடா என்று நாம் அறிந்த வேளாண் ஏற்றுமதி ஆணையம் பீநட்.நெட் என்ற இணையவழித் தடமறியும் முறையை நடத்துகிறது. பதிவு பெற்ற ஆலையில் தயாரித்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் மாதிரி எடுத்துச் சோதித்து, எந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று காட்ட அதில் வழியிருக்கிறது. ஐதராபாத் அருகே பட்டான்சேருவில் உள்ள இக்ரிசாட், குறைந்த செலவில் நஞ்சை அளக்கும் எலைசா சோதனையை உருவாக்கிக் கொடுத்தது. ஜுனாகத்தில் நிலக்கடலைக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நமக்குத் திண்டிவனம், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. நஞ்சு சுரக்காத அதே இனப் பூஞ்சணத்தை வயலில் தூவி, நஞ்சு சுரப்பதை விரட்டும் முறை அமெரிக்காவிலும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. அறிவு இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது. ஆனால் உதவியின் எடை முழுவதும் துறைமுகப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. பயிலரங்குகள் நகரத்து ஓட்டல்களில் ஏற்றுமதியாளருக்கு நடக்கின்றன. தண்ணீர் தெளிக்கும் கை அங்கே வருவதில்லை.

இதை ஏற்றுமதி வருமானக் கணக்கோடு நிறுத்திவிட முடியாது. மெஷின் தட்டிவிட்ட பருப்பு எங்கே போகிறது? நஞ்சு செறிந்த பகுதி அது. கழிவுப் பருப்பு எண்ணெய்க்குப் போகிறது. பிழியும்போது நஞ்சில் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கும். ஒரு பங்கு எண்ணெயில் வரும். சுத்திகரிப்பு ஆலையின் காரநீக்கத்தில் அது போய்விடும், செக்கில் ஆட்டிய எண்ணெயில் அந்தக் கட்டமே இல்லை. செக்கு எண்ணெயை விரும்பி வாங்குபவர்கள் எந்தக் கடலை ஆடியது என்று கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. மாட்டின் உடலில் பி1 நஞ்சின் ஒரு பகுதி எம்1 ஆக மாறிப் பாலில் இறங்குகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் வெளியிட்ட தேசியப் பால் ஆய்வில், 6,432 மாதிரிகளில் 5.7 சதவீதத்தில் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. மாநிலங்களில் எண்ணிக்கையில் முதலில் நின்றது தமிழ்நாடு: 551 மாதிரிகளில் 88. வான்கோழிகளைக் கொன்ற நஞ்சின் மறுவடிவம், அளவில் மிகக் குறைவாக என்றாலும், நம் குழந்தைகளின் தம்ளரில் இருக்கிறது. ஐரோப்பியருக்காக நாம் சுத்தம் செய்து, ஒதுக்கியதை நாமே உண்பது எந்த விதத்திலும் நியாயமில்லை. ஒதுக்கிய பருப்பு மனிதருக்கோ மாட்டுக்கோ திரும்பாதபடி அதற்கும் தடமறியும் முறை வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு விலைக் குறை இருக்கிறது. விவசாயி எடைக்கு விற்கிறார். ஈரக் காய் எடை கூடுதலாக நிற்கும். இரண்டு நாள் கூடுதலாகக் காயவைத்து, மழைக்கு அஞ்சி இரவில் விழித்திருந்து 8 சதவீதத்துக்குக் கொண்டுவருபவர், அந்த எடையை இழக்கிறார்; பதிலுக்கு அவருக்குத் தனி விலை எதுவும் கிடைப்பதில்லை. தண்ணீர் கடலை விலைக்கு விற்கும்வரை யாரும் கடலையைக் காயவைக்க மாட்டார்கள். கையடக்கமான ஈரமானி இன்று பெரிய செலவில்லை. அரசிடம் நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. கடலை வரும் ஒவ்வொரு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் எடைத் தராசின் பக்கத்தில் ஓர் ஈரமானியை வையுங்கள். 8 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் காய்க்குத் தனிக் குவியலும் தனி ஏலமும் நடத்துங்கள். அந்தக் குவியலை வாங்கும் ஏற்றுமதியாளர் கூடுதல் விலை கொடுக்கட்டும். அவருக்கு அது துறைமுகத்தில் திரும்பும் ஒரு கன்டெய்னரைவிட மலிவு. வரும் புரட்டாசி அறுவடைக்குள் திருவண்ணாமலையிலும் விழுப்புரத்திலும் இதைத் தொடங்க முடியும்.